தொண்டு நாட்டுக்கு… சோறு அம்மா கணக்கில்!

திங்கள்கிழமை காலையில் வேங்கிக்காலுக்கு வந்து பாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே வந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர் இது. குறைதீர்ப்பு நாள் என்பதால் செங்கம், வந்தவாசி, செய்யாறு, ஜவ்வாதுமலை என நாலா பக்கமிருந்தும் மனுவோடு ஜனம் வந்து இறங்குகிறது. பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை, பாதைத் தகராறு. விழிப்புணர்வுப் பேரணிகள் கொடியசைத்துக் கிளம்புவதும் இதே வளாகத்திலிருந்துதான். தொப்பி, பனியன், கையில் பதாகை என்று வரிசையில் நிற்கும் இளைஞர்களின் படம் மறுநாள் நாளிதழ்களில் வரும். பேரணி முடிந்ததும் அவர்கள் எந்த பஸ் பிடித்து எந்த ஊருக்குப் போகிறார்கள், அந்த மாதச் செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது படத்தில் வராது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மத்திய அரசின் இளைஞர் நலத் துறைக்கு 'தேசிய இளையோர் தொண்டர்' என்றொரு திட்டம். நேரு யுவ கேந்திரா வழியாக நடந்தது. 18 முதல் 29 வயதுக்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும். கல்லூரியில் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர் சேர முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கும். வட்டாரத்துக்கு இருவர். திருவண்ணாமலை மாவட்டத்தில் 18 வட்டாரங்கள். ஆக 36 பேர். கிராமந்தோறும் இளைஞர் மன்றம், மகளிர் மன்றம் அமைப்பது, ரத்ததான முகாமுக்கு ஆள் திரட்டுவது, போதை ஒழிப்புப் பிரசாரம், தூய்மைப் பணி, வாக்காளர் விழிப்புணர்வு, தேசியக் கொடி விநியோகம் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். மாதம் 5,000 ரூபாய். பெயர் மதிப்பூதியம். இது வேலை அல்ல, இதை வைத்து அரசு வேலைக்கு உரிமை கோர முடியாது என்று சேரும்போதே சொல்லிவிடுவார்கள்.

இந்தத் திட்டம் 2010-11இல் தொடங்கியபோது தொகை 2,500 ரூபாய். பின்னர் இரட்டிப்பாக்கி 5,000 ஆக்கினார்கள். கேட்பதற்கு நல்ல உயர்வுதான். ஆனால், 2010இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 100 ரூபாய். அப்போதைய 2,500 என்பது 25 நாள் கூலிக்குச் சமம். 2025-26இல் அதே வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் 5,000 என்பது 15 நாள் கூலிக்குக்கூடப் போதாது. ரூபாய் இரட்டிப்பானது, அதன் பெறுமானத்திலோ பத்து நாள் கூலி தேய்ந்துவிட்டது. யாரும் எந்த உத்தரவும் போட்டுக் குறைக்கவில்லை. அப்படியே விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான்.

மலையிலிருந்து ஒரு கணக்கு

ஜவ்வாதுமலை வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மலைக்கிராமங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள். சாமை, தேன், புளி என்று வாழ்க்கை. இங்கே பிளஸ் டூ முடித்த ஓர் இளைஞர் தொண்டராகச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் என்று வேங்கிக்காலுக்கு அழைத்தால் மலையிறங்கி, போளூர் வந்து, அங்கிருந்து திருவண்ணாமலை வர வேண்டும். போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல். பைக்கில் வந்தால் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குக் குறையாது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியாயிற்று. 5,000 ரூபாயை 30 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 167 ரூபாய்கூட முழுதாக வராது. ஒரேயொரு கூட்டத்துக்கு வந்துபோவதில் அன்றைய படி முழுவதும் தீர்ந்து, அடுத்த நாள் படியிலும் கை வைத்தாகிவிடுகிறது. மதியச் சாப்பாடு தனி.

'பஸ்ஸில் வரலாமே' என்று கேட்கலாம். வரலாம். ஆனால் மலைக்கிராமத்தில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கே மைல் கணக்கில் நடக்க வேண்டிய ஊர்கள் உண்டு. மாலைக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் கடைசி பஸ் போய்விடும். அப்புறம் டவுனில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணைதான்.

சரி, டவுனிலேயே தங்கிவிடலாம் என்றால்? வேங்கிக்கால் இப்போது பழைய வேங்கிக்கால் இல்லை. ஆட்சியர் அலுவலகம் வந்ததிலிருந்து வளர்ந்த ஊர். 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியான பிறகு மனை விலையும் வாடகையும் இன்னும் மேலே பார்க்கின்றன. ஒற்றை அறைக்கு 3,000 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் மிச்சம் 2,000. மூன்று வேளைச் சாப்பாட்டை நாளைக்கு 120 ரூபாயில் முடித்தாலும் 3,600 ஆகும். மாதம் பிறக்கும்போதே 1,600 ரூபாய் துண்டு விழுகிறது. செல்போன் ரீசார்ஜ், பெட்ரோல், சோப்பு எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. வேலை நடப்பதோ பாதிக்கு மேல் செல்போனில்தான். நிகழ்ச்சி முடிந்த கையோடு புகைப்படம், வருகைப் பட்டியல், அறிக்கை எல்லாம் ஏற்ற வேண்டும். நெட் பேக் தொண்டர் காசில்.

அப்படியானால் இந்தத் தொண்டர்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள்? பதில் எளிது. வீட்டில் வாழ்கிறார்கள். அப்பா கட்டிய கூரை. அம்மா வடிக்கும் சோறு. அந்தச் சோறும் பல வீடுகளில் 2011 ஜூன் முதல் தமிழகத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரேஷன் அரிசிதான். பெண் தொண்டர் என்றால் 2021 மே மாதம் வந்த கட்டணமில்லா டவுன் பஸ் பயணம் கொஞ்சம் கை கொடுக்கிறது. இதைப் போன்ற சேவைகளில் பெண்கள் நிலைத்து நிற்பதற்கு அந்த பஸ்ஸும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மத்திய அரசின் தொண்டர் திட்டத்துக்கு மாநில அரசின் ரேஷன் கடையும் டவுன் பஸ்ஸும் முட்டுக் கொடுக்கின்றன. அதற்கும் மேலே முட்டுக் கொடுப்பது குடும்பம். அரசின் வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பிலும் இல்லாத மானியம் அது.

வீட்டில் அந்த வசதி இல்லாதவர் என்ன செய்வார்? விண்ணப்பமே போட மாட்டார். போட்டாலும் மூன்றாம் மாதம் கழன்றுகொள்வார். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார். ஜவ்வாதுமலையில் இந்தக் கதைக்கு இன்னும் கொடிய அத்தியாயம் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களில் ஜவ்வாதுமலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். கூலிக்காக மலையை விட்டு இறங்கியவர்கள். படித்த இளைஞர் ஒருவர் ஊரிலேயே தங்கிக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துப் பேச வேண்டும், அரசுத் திட்டங்களை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றால், அது மற்ற எந்த ஊரையும்விட இந்த ஊர்களுக்குத்தான் தேவை. அந்த ஊர்களின் பிள்ளைகளுக்குத்தான் 5,000 ரூபாயில் தங்கக் கட்டுப்படியாகாது.

திண்ணையில் ஓர் ஒன்றரை மணி நேரம்

மாநில அரசின் திட்டம் ஒன்றையும் பார்க்க வேண்டும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோன நேரம். 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும், பட்டதாரி நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் மாலையில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வகுத்தார்கள். ஒரு மையத்துக்கு ஏறக்குறைய 20 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய்.

இந்த வகுப்பைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், இல்லையென்றால் சொல்லிக்கொடுப்பவர் வீட்டுத் திண்ணை. பாய் விரித்து, சுவரில் சார்ட் ஒட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குள் மணி ஐந்தரை. ஒருத்தி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். ஒருவனுக்குப் பென்சில் இருக்காது. அக்காதான் கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவரைப் பிள்ளைகள் டீச்சர் என்பதைவிட அக்கா என்றுதான் கூப்பிடுகின்றன. கரண்ட் போனால் பாட்டு, கதை. கரண்ட் வந்தால் மறுபடி வாய்ப்பாடு. இருட்டுவதற்குள் பெண்பிள்ளைகளைத் தெருமுனை வரை கொண்டுவிட்டுவிட்டு வந்து, அக்கா தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் மணிக்கு 27 ரூபாய்கூட வராது. அதில்தான் அந்தப் பென்சில் செலவும்.

இந்த அக்காக்கள் செய்தது சின்ன வேலை இல்லை. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழகக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்து ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளி மூடலில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்பில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அந்த ஆய்வு சொல்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகம் உதவியது என்றும் சொல்கிறது. மாதம் 1,000 ரூபாய்க்கு இப்படியொரு விளைச்சல் எந்த அரசுக்கும் எளிதில் கிடைக்காது. இதை வைத்து 'குறைந்த செலவில் வெற்றி' என்று மேடையில் பேசுகிறார்கள். குறைந்தது அரசின் செலவு. மிச்சச் செலவை யாரோ ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

கிரிவலப் பாதையில் காக்கி

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இன்னொரு தொண்டர் கூட்டத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும், கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கான கூட்டத்திலும் போலீஸோடு நிற்கும் ஊர்க்காவல் படையினர். சட்டப்படி அவர்களும் தொண்டர்கள்தான். வேறு தொழில் பார்த்துக்கொண்டே, கூப்பிட்டபோது வந்து நிற்க வேண்டியவர்கள்.

இமாசலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் தொடுத்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 30 நாள் பணிபுரிந்தால், மாநிலக் காவலருக்குரிய குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாகும்படி அவர்களுடைய தினப்படி இருக்க வேண்டும் என்றது. தமிழகத்தில் படி 560 ரூபாயானது. கூடவே மாதத்தில் பணி கொடுக்கும் நாட்கள் ஐந்தாகச் சுருங்கின. ஐந்து நாள், 2,800 ரூபாய் என்ற நிலை பல காலம் நீடித்தது. ஒரு நாள் மதிப்பு உயர்ந்தது, மாத வருமானம் உயரவில்லை. தீர்ப்பின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டு அதன் நோக்கத்தை விட்டுவிட்டார்கள் என்றே சொல்வேன்.

இதே போக்குக்கு எதிராக நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது 2022 ஏப்ரல் 25ஆம் தேதி. குஜராத் அங்கன்வாடி ஊழியர்கள் வழக்கு. அவர்கள் வாங்குவது மதிப்பூதியம், சம்பளம் அல்ல. ஆகவே பணிக்கொடை கிடையாது என்பது அரசுத் தரப்பு வாதம். நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ். ஓகா அமர்வு அதை ஏற்கவில்லை. பணிக்கொடைச் சட்டத்தின்படி அதுவும் ஊதியம்தான் என்றது. இரண்டு ஆண்டு மட்டும் பணியாற்றும் இளையோர் தொண்டருக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும், வேறு பெயரிட்டுக் கொடுப்பதாலேயே பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்ற அளவில் நாம் எல்லோரும் படிக்க வேண்டிய தீர்ப்பு.

இளைஞர்களின் சேவையை எப்படி நடத்துவது என்பது புதிதாக முளைத்த கேள்வியும் இல்லை. கல்லூரியில் சேர்வதற்கு முன் இளைஞர்கள் கட்டாய தேசிய சேவை செய்ய வேண்டும் என்று, 1959இலேயே சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைத்த குழு சொன்னது. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையதைன், கட்டாயம் வேண்டாம், விருப்பத்தின் பேரில் இருக்கட்டும் என்றார். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. படித்து முடித்தவர்களுக்காக 1970களின் பிற்பகுதியில் உதவித்தொகையோடு முழுநேரத் தொண்டர் திட்டம் வந்தது. அதன் வாரிசுதான் இளையோர் தொண்டர் திட்டம். 2023 அக்டோபரில் மத்திய அரசின் 'மை பாரத்' என்ற இளைஞர் அமைப்பு வந்தது. பெயர்கள் மாறிய வேகத்தில் தொகை மாறவில்லை.

தமிழகத்துக்கு இதில் சொந்த நினைவுகள் உண்டு. 1990களின் அறிவொளி இயக்கத்தில் காசே வாங்காமல் இளைஞர்கள் இரவு வகுப்பு நடத்தினார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்றது அந்த அலையில்தான். ஆக, காசு இல்லாமல் தொண்டு நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கும், ஓர் அலை அடிக்கும் வரைக்கும். இன்னொரு நினைவு கசப்பானது. 1989 முதல் 2011 வரை மக்கள் நலப் பணியாளர்களை மூன்று முறை வேலைக்கு எடுத்து, ஆட்சி மாறிய மூன்று முறையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2011இல் மட்டும் 13,000க்கும் மேற்பட்டோர். சொற்பத் தொகையில் இருப்பவரை எளிதாகச் சேர்க்கலாம், அதைவிட எளிதாக நீக்கலாம்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த 'விஸ்டா' திட்டத்தில், தொண்டர் தான் சேவை செய்யும் ஏழைகளின் பொருளாதார நிலையிலேயே வாழ வேண்டும் என்பது கொள்கை. அங்கும் தொகை சொற்பம்தான். ஆனால் அது வறுமைக்கோட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. கோடு ஏறினால் தொகையும் ஏறும். சேவை முடிந்ததும் மேற்படிப்புக்கு ஒரு தொகை உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் மத்திய அரசுப் பணிக்கு விண்ணப்பித்தால் போட்டி வரிசையில் நிற்காமல் பரிசீலிக்கும் சலுகையும் உண்டு.

பணக்கார நாடு, செய்யும் என்பீர்கள். நைஜீரியாவைப் பாருங்கள். உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1973இல் தொடங்கிய திட்டம். பட்டதாரிகள் ஓராண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். 2024இல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தை 70,000 நைரா ஆக்கியபோது, சேவை இளைஞர்களின் மாதத் தொகையை 33,000இலிருந்து 77,000 ஆக்க ஒப்புதல் கொடுத்தார்கள். கையில் காசு வந்து சேரத் தாமதமானது உண்மை. இருந்தாலும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே தொண்டர் இருக்கக் கூடாது என்ற கணக்கை அந்த நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

'காசைக் கூட்டினால் காசுக்காக வருவார்கள், சேவை மனம் போய்விடும்' என்று ஒரு வாதம் உண்டு. நேர்மையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: தொண்டருக்குப் பயிற்சி கொடுக்கும் அதிகாரி சம்பளம் வாங்குகிறார், அவருடைய சேவை மனம் கெட்டுவிட்டதா? பசியோடு இருப்பவருக்குத்தான் சேவை மனம் இருக்கும் என்றால், அந்தச் சோதனையை ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வைக்கிறோம்? இன்றைய தொகையில் வடிகட்டப்படுவது காசாசை பிடித்தவர் இல்லை. வீட்டில் இரண்டாவது சம்பளம் இல்லாதவர்.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. மாதத் தொகையை நூறு நாள் வேலைக்கு அறிவிக்கும் தினக்கூலியோடு கட்டிவிடலாம். 2025-26இன் 336 ரூபாய் வீதம் 25 நாளுக்கு 8,400 ரூபாய். கூலி ஏறும்போது தானாக ஏறும். யாரும் போய்க் கோரிக்கை மனு கொடுக்க வேண்டாம். மலை வட்டாரத் தொண்டருக்குப் பயணப்படி தனியாகத் தர வேண்டும். போளூரில் இருப்பவருக்கும் ஜமுனாமரத்தூரில் இருப்பவருக்கும் ஒரே தொகை என்பது நியாயமில்லை. விபத்துக் காப்பீடு கட்டாயம். தமிழகச் சீருடைப் பணியாளர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்குச் சிறப்பு மதிப்பெண் தருகிறார்கள் அல்லவா? இரண்டு ஆண்டு முழுநேரம் கிராமத்தில் உழைத்தவரின் சான்றையும் அதில் சேர்க்கலாம். 18 முதல் 29 என்பது டி.என்.பி.எஸ்.சி.க்கும் போலீஸ் தேர்வுக்கும் படிக்கிற வயது. அந்த வயதில் இரண்டு ஆண்டைக் கொடுப்பவருக்கு வேலை தர முடியாவிட்டாலும் போட்டியில் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

மாவட்டத்துக்கு 36 பேர் என்றால், 5,000இலிருந்து 8,400 ஆக்க மாதம் கூடுதலாக ஆகும் செலவு 1,22,400 ரூபாய். ஒரு மாவட்டம் முழுமைக்கும் அவ்வளவுதான்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் மாலை வகுப்பு எடுக்கும் அக்கா இருப்பார். ஊரில் மன்றம் அமைக்கப் படிவத்தோடு அலையும் தம்பி இருப்பார். சால்வை போடுவதற்கு முன்னால், போன மாதப் பணம் வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அவர்களுக்காக ஒரு மனு எழுதி, திங்கள்கிழமை வேங்கிக்காலுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் 5,000 ரூபாய் எப்போது மாறும் என்று தேதி கேளுங்கள்.